நைனாவைக் காட்டி வாங்கிய விசா

அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் ஒன்பது மாதம் தொண்டு செய்ய, பரிமாற்ற விசாவுக்கு விண்ணப்பித்திருந்தேன். சென்னையில் நடந்த நேர்காணலில், "திரும்பி வருவீர்கள் என்று எப்படி நம்புவது?" என்று கேட்டார்கள்.

"திருத்தணியில எங்க நைனா தனியா இருக்காருங்க. அவருக்கு என்னை விட்டா யாரும் இல்ல" என்றேன். விசா கிடைத்தது.

வெளியே நடைபாதையில் காத்திருந்த நைனாவிடம் இதைச் சொன்னேன். ரயிலில் ஊர் வந்து சேரும்வரை பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம், "என்னைக் காட்டித்தான் எம்பொண்ணு விசா வாங்கிகினு வந்திருக்குது" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

ஒன்பது மாதம் முடிந்தபோது, நான் தினமும் சாப்பாடு ஊட்டிய பெரியவர் ஒருவர் என் கையை விடவில்லை. இன்னும் மூன்று மாதம் நீட்டித்துக்கொண்டேன். அதைச் சொல்லப் போன் செய்தபோது நைனா இருமிக்கொண்டே இருந்தார்.

"டாக்டராண்ட போனியா நைனா?"

"ஆங், போனேன். சளிதான். நீ முடிச்சிட்டே வா."

நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

நைனாவின் அடக்கத்துக்கு வந்த அன்றுதான் பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்: "ஆஸ்பத்திரிக்கு எத்தினி வாட்டி கூப்பிட்டேன் தெரியுமா? எம்பொண்ணு வந்து இட்டுகினு போவும்னு சொல்லிட்டாரும்மா."

விசா கொடுத்தவர்களுக்கு என்மேல் எந்தக் குறையும் இருக்காது. சொன்னபடி நான் திரும்பி வந்துவிட்டேன்.