இரண்டு நாள் ஓடாது என்று எழுதிய வரி

ஜூசிலேனிக்கு மனௌஸ் நகரத்தில் நல்ல வேலை. ஆஸ்பத்திரிக் கருவிகளுக்குள் ஓடும் நிரல்களில் கணக்கு எங்கேயாவது தப்புமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு எண்ணாக அவள் போட்டுப் பார்ப்பதில்லை, அதற்குச் சால்வர் என்றொரு மென்பொருள் இருக்கிறது. கேள்வியைச் சரியாகக் கேட்டால், எந்த எண் வந்தாலும் தப்பாது என்று நிரூபித்துக் கொடுக்கும். தப்புமானால் எங்கே என்று மூஞ்சிக்கு நேரே சொல்லிவிடும். அதற்குத் தாட்சண்யம் கிடையாது. தாட்சண்யமெல்லாம் கேள்வி கேட்கிற மனுஷர்களிடம்தான்.

ஏப்ரலில் ஒரு மருந்துப் பம்பு வந்தது. நரம்பில் மருந்து எவ்வளவு ஏறியது என்று எண்ணிக்கொண்டே இருக்கும். எண்ணும் இடமோ சின்னது. பழைய ஸ்கூட்டர் மீட்டர் கடைசி ஒன்பதைத் தாண்டியதும் பூஜ்யத்துக்குத் திரும்புகிற மாதிரி இதுவும் திரும்பிவிடும். திரும்பினால், மருந்தே போகவில்லை என்று நினைத்துப் பம்பு அத்தனையையும் வேகமாகத் தள்ளும். அதைத் தடுக்க ஒரு சோதனை எழுதி வைத்திருந்தார்கள். எழுதிய புண்ணியவான் முதலில் கூட்டிவிட்டு, அப்புறம்தான் நிரம்பிவிட்டதா என்று பார்த்திருந்தான். அதற்குள் எண் பூஜ்யத்துக்குத் திரும்பியிருக்கும். சால்வர் பிடித்துவிட்டது: இரண்டு நாள் நிறுத்தாமல் ஓடினால் போச்சு.

"ரெண்டு நாளா? எந்த ஆஸ்பத்திரியில அப்படி ஓட்டுறாங்க?" என்றார் மேலாளர் துலியோ. "தினம் காலையில நர்சு அணைச்சுத் துடைச்சுப் போடுவாங்கம்மா. ரெண்டு நாளுக்குக் கம்மியாத்தான் ஓடும்னு ஒரு வரி சேர்த்துடு. திங்கக்கிழமை அறிக்கை போயாகணும்."

எங்கே அப்படி ஓட்டுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய அண்ணன் எரிவால்டோ சோலிமோயிஸ் ஆற்றில் ஆம்புலன்ஸ் படகு ஓட்டுகிறான். தண்ணீர் வற்றும் மாதங்களில் படகு மணலில் தட்டி நாள்கணக்கில் நிற்கும்; பம்பும் நிறுத்தாமல் ஓடும். சொல்ல வாயெடுத்தாள். ஆனால் ஆற்றைப் பற்றிப் பேசினாலே, "வந்துட்டாங்கய்யா ஆத்துக்காரம்மா! இன்னிக்கு என்ன, முதலையா?" என்று ஆபீசே சிரிக்கும். மென்று விழுங்கினாள். வரியைச் சேர்த்தாள். தப்பில்லை என்றது சால்வர். சொல்லாமல் என்ன செய்யும்? தப்பு வரும் வழியைத்தான் இவளே அடைத்துவிட்டாளே! நிரூபிக்கப்பட்டது என்று கையெழுத்தும் போட்டாள்.

அன்றிலிருந்து நிம்மதி போயிற்று. ஆற்றில் தண்ணீர் இறங்குகிறது என்று செய்தி வந்தால் டிவியை அணைத்துவிடுவாள். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று அக்டோபர் வந்துவிட்டது.

ஒரு நாள் மத்தியானம், ஆபீசில் துக்குமாப் பழம் வைத்த ரொட்டியைக் கடிக்கும்போது அண்ணன் பேசி அனுப்பிய குரல்பதிவு செல்போனில் வந்து விழுந்தது.

"ஏய் மூளைக்காரி! முந்தாநேத்து கிளம்பினோம், நேத்துலேர்ந்து மணல்ல உக்காந்திருக்கோம். இழுக்கிற படகு இன்னும் வரலை. உன்கூடப் படிச்ச நசாரே டீச்சர் இருக்கால்ல, அவளைத்தான் ஏத்திட்டு வரேன். எட்டு மாசம், வலிப்பு. ஒண்ணும் பயமில்லை, உன் பம்பு ராஜா மாதிரி ஓடுது. என் தங்கச்சி பார்த்து விட்ட மிஷின்னு எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்டேன்!"

வலிப்புக்குப் போடும் அந்த மருந்து அளவு மீறினால் மூச்சு நின்றுவிடும். உடனே அவனைத் திருப்பி அழைத்தாள்.

"அண்ணே! பம்பை நடுவுல அணைச்சீங்களா?"

"எதுக்கு அணைக்கணும்? முந்தாநேத்து மத்தியானம் போட்டது. மருந்துப் பையை மட்டும் மாத்தறாங்க."

"ஐயோ! இப்பவே அணைச்சு, மறுபடி போடச் சொல்லுண்ணே! நேரமும் கணக்கும் சேர்ந்து புதுசா ஆரம்பிக்கும்!"

"அடியே, நிறுத்தினா வலிப்பு வந்துடும்னு நர்சு சொல்றாங்க."

"ஒரு நிமிஷம்தான், வராது! விட்டா மூச்சே நின்னுடும். உன்னைக் கும்பிடறேன், ஓடு!"

படகுப் பலகையில் அவன் ஓடும் சத்தம் கேட்டது. நர்சோடு ஏதோ வாக்குவாதம். பிறகு பம்பு அணைந்து, மறுபடி கூவியது.

"போட்டாச்சு. நல்லா மூச்சு விடறா," என்றான் அண்ணன். "உன்கிட்டப் பேசணுமாம், இந்தா."

"ஜூசி..." என்றாள் நசாரே. "உன் புண்ணியம்டி. பொண்ணு பொறந்தா உன் பேருதான். ஆமா, அங்க இருந்துக்கிட்டு உனக்கு எப்படிடி தெரிஞ்சுது?"

எதிரே துலியோ காப்பிக் கோப்பையோடு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். முகம் வெளிறி, சொல்ல வேண்டாம் என்று தலையாட்டினார். திடீரென்று தோன்றியது என்று சொல்லிவிடலாம். பேர் வைக்கிற அளவுக்கு நன்றியும் கிடைக்கும். அவள் துலியோவுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

"ஏப்ரல்லயே தெரியும்டி," என்றாள். "தெரிஞ்சும் கையெழுத்துப் போட்டேன்."

"அப்போ," என்றாள் நசாரே, "எனக்கு முன்னாடி இந்தப் பம்புல இருந்தவங்க?"

ஜூசிலேனி செல்போனைக் காதிலிருந்து எடுக்காமலே துலியோவின் பக்கம் திரும்பினாள்.

"இந்தப் பம்பு எந்தெந்தப் படகுல இருக்குன்னு இப்பவே கேளுங்க சார். யார் யார் செத்தாங்கன்னு நான் கேக்கறேன்."