பையில்லாத டாக்டர்

ட்ராயன் ஒரு டாக்டருக்குத் தன் இடது காலையே கடன்பட்டிருந்தார். செங்கல் சூளையில் கூலியாக இருந்தபோது நசுங்கிய கால். அதை வெட்டாமல் காப்பாற்றியவரின் வெள்ளைக் கோட்டுப் பையில், எல்லாரையும் போல ஒரு பண உறையைச் செருக அன்று ட்ராயனிடம் காசில்லை. காசு வந்தபோது டாக்டர் உயிரோடு இல்லை.

இன்று அந்தச் சூளையே ட்ராயனுடையது. நாலாம் வகுப்போடு நின்றவர், யார் தயவும் இல்லாமல் வாங்கியது. எவருக்கும் பாக்கி வைப்பதில்லை. மனைவி சவேத்தாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன் என்றதும் ஐந்நூறு லெய் பணத்தை உறையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். பை நிரம்பாவிட்டால் கத்தி ஒழுங்காக ஓடாது என்பது அவர் பயம்.

வந்தால், ஒரு வெள்ளைக் கோட்டுகூடக் கண்ணில் படவில்லை. பச்சையும் ஊதாவுமாக, படுக்கையிலிருந்து எழுந்து வந்த மாதிரி அரைக்கைச் சட்டையோடு ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். சவேத்தாவின் கட்டிலடியில் தண்ணீர் கொட்டிக் கிடந்தது. வாத்துப் படத் தொப்பி போட்ட ஒரு பெண் வந்தாள்.

"ஏம்மா, இதைத் துடைச்சுட்டுப் போ. வழுக்கி விழுந்தா யார் பொறுப்பு?" என்றார் ட்ராயன்.

அவள் சிரித்துக்கொண்டே துடைத்துவிட்டுப் போனாள்.

அப்புறம்தான் வராந்தாவில் ஒரு வெள்ளைக் கோட்டு வந்தது. விறைப்பான காலர், அகலமான பை, உள்ளே நரைத்த கம்பீரமான அம்மாள். ட்ராயன் உறையைச் செருகினார்.

"ஜன்னலோரக் கட்டில், சவேத்தா. நல்லா கவனிச்சுக்கங்கம்மா."

"அதுக்கென்ன, ஜோரா கவனிச்சுடறேன்."

கவனித்தாள். கிண்ணம் நிறையப் புளிப்புச் சூப், மேலே ஒரு கோழித் தொடை. ராத்திரியிலிருந்து பட்டினி கிடந்த சவேத்தா கரண்டியை எடுத்தாள். வாத்துத் தொப்பி பாய்ந்து வந்து பிடுங்கியது.

"ஸம்ஃபிரா அக்கா! ஆபரேஷனுக்குப் போறவங்களுக்குச் சூப்பா?"

"தடுக்க நீ யாரு?" என்று ட்ராயன் எகிறினார். "டாக்டரம்மாவே குடுத்தாங்க!"

"அவங்க சமையல்கட்டு. ஆபரேஷன் பண்ணப்போறது நான். பேரு இலிங்கா."

ஸம்ஃபிரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நான் டாக்டராம்! எங்க வீட்டுக்காரன் கேக்கணும் இதை."

ட்ராயன் இலிங்காவை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப உங்க கோட்டு எங்கம்மா?"

"கோட்டோட நீளக்கை கட்டிலுக்குக் கட்டில் கிருமியைத் தூக்கிட்டுப் போகுது ஐயா. விட்டாச்சு."

"சரி, பை?"

இலிங்கா சட்டையைத் தட்டிக் காட்டினாள். பையே இல்லை. "யாரும் உறை செருக வழியில்லாம, பையே இல்லாமத்தான் தைக்கச் சொன்னோம்."

"அப்ப நான் உங்களுக்கும் கடன்காரனா?"

"தரை துடைச்ச கூலி வேணா பாக்கி வச்சுக்குங்க" என்று கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனாள்.

கிண்டலா, கோபமா? ஆபரேஷன் அறை வாசலிலேயே நின்று யோசித்தார், விளங்கவில்லை. வெகுநேரம் கழித்து இலிங்கா வந்தாள். "நல்லபடியா முடிஞ்சுது. கண்ணு முழிச்சதும் அந்தச் சூப் எங்கேன்னு கேட்டாங்க."

காசு வாங்காமலே எப்படி நன்றாக முடிந்தது? ஸம்ஃபிரா அவர் கையைப் பிடித்து விரித்தாள்.

"எண்ணிக்குங்க ஐயா, அப்புறம் இந்த டாக்டரம்மா எடுத்துக்கிட்டான்னு சொல்லுவீங்க."

நூறு, இருநூறு, முந்நூறு என்று, அவர் செருகிய ஐந்நூறும் விரித்த உள்ளங்கையில் விழுந்தது.