சல்லடை அக்காவின் மோதிரம்

மலையில் தங்கம் தேடும் முகாமில், துளையிட்டு எடுத்த பாறையை அரைத்துச் சலித்து, மாதிரியாகப் பரிசோதனைக்கு அனுப்புவதுதான் சல்லடை அக்காவின் வேலை. கடைசித் துளையிலும் தங்கம் இல்லையென்றால் முகாமையே மூடிவிடுவார்கள். துளை போடும் டிரில்லரான அவள் கணவருக்கும் வேலை போய்விடும்.

முடிவு வந்தது. தங்கம் இருக்கிறதாம்!

“அக்கா, உன் கை பட்டா கல்லும் தங்கமாகுது!” என்று எல்லோரும் கத்தினார்கள்.

அக்கா தன் கையைப் பார்த்தாள். கடைசி மாதிரியைச் சலித்த அன்று கழற்ற மறந்த தங்க மோதிரம் சல்லடையில் உரசித் தேய்ந்திருந்தது. அந்தத் துகள்தான் மாதிரியில் கலந்திருக்கிறது.

“வாயைத் திறக்காதடி, பிள்ளைங்க சோத்துக்கு என்ன பண்ணும்?” என்று, அவள் விஷயத்தைச் சொன்னதும் கணவர் கெஞ்சினார்.

“இல்லாத தங்கத்துக்கு எத்தனை நாள்ங்க மலையைக் குடைவாங்க?”

எப்படித்தான் மனசு வந்ததோ! ஜியாலஜிஸ்ட் மேசையில் மோதிரத்தைக் கழற்றி வைத்தாள். “சார், அந்தத் தங்கம் இதுதான்” என்று சொல்லி உடைந்து அழுதாள்.