போர்டில் விழுந்த கீறல்

அந்தக் கீறல் அரை விரல் நீளம்கூட இருக்காது. பச்சை நிறப் போர்டில், பிராசசர் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில், சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு. பிராசசரின் சூட்டை இழுக்கும் ஹீட் சிங்க்கை முடுக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரின் ஸ்குரூடிரைவர் வழுக்கி அதைப் போட்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை. கம்ப்யூட்டர் கேபினட் கூடத்துத் தரையில் படுத்திருந்தது. நாங்கள் இருவரும் அதன் இருபக்கமும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தோம். அவர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டு, "பட்டுருச்சோ?" என்றார். நான் குனிந்து அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தேன்.

அரை மணி நேரம் கழித்து எல்லா வயரையும் மாட்டி சுவிட்சைப் போட்டோம். ஃபேன்கள் எல்லாம் ஒரு துடி துடித்தன. நின்றுவிட்டன. மறுபடியும் போட்டோம். அதே துடிப்பு, அதோடு சரி.

"உங்க கடை மோட்டாருன்னு நினைச்சீகளா?" என்றேன்.

வாசல் பக்கம் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவருடைய அம்மா நிமிர்ந்து பார்த்தார். எனக்கு அவர் சொந்த அத்தை. அத்தை மகனைத்தான் கட்டியிருந்தேன். அதனால் கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் எனக்கு அவர் மச்சான்தான். இத்தனை வருடத்தில் அவருடைய தொழிலை வைத்து ஒரு வார்த்தை நான் சொன்னதில்லை. அவர் ஸ்குரூடிரைவரைத் தரையில் வைத்துவிட்டு, கை கழுவப் போனார்.

அது 2008. மார்க்கையன்கோட்டையில் எங்கள் வீடு. அவருக்குச் சின்னமனூரில், எரிந்துபோன மோட்டாருக்குப் புதுச் செப்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை. எங்கள் பள்ளத்தாக்கில் வாழையும் நெல்லும் இருக்கிறவரை கிணற்று மோட்டார் எரிந்துகொண்டுதான் இருக்கும், அவருக்கும் வேலை இருந்துகொண்டுதான் இருக்கும். நான் தேனியில் ஒரு கல்லூரியில் கணிதம் நடத்திக்கொண்டிருந்தேன். கூடவே மதுரையில் ஒரு பேராசிரியையிடம் பகுதிநேர ஆராய்ச்சி. மேட்ரிக்ஸ் என்கிற பெரிய பெரிய எண் அணிகளை வைத்துச் செய்யும் கணக்கு. கையால் நடக்காது, கம்ப்யூட்டர்தான் செய்ய வேண்டும். வீட்டிலிருந்த சாதாரணக் கம்ப்யூட்டரில் அந்தப் புரோகிராம் ஒரு தடவை ஓடி முடிய பதினோரு நாள் ஆனது. மெமரியில் கொள்ளாமல் ஹார்ட் டிஸ்க்கில் எழுதுவதும் படிப்பதுமாக இழுத்துக்கொண்டே கிடக்கும். எனக்கோ அப்படிப் பன்னிரண்டு ஓட்டம் தேவைப்பட்டது. அதோடு அந்த வருடத்து மின்வெட்டு. சின்ன யு.பி.எஸ். தாங்காமல், ஒரு முறை நான்காம் நாள் ஓடியதெல்லாம் அழிந்துபோனது. இன்னொரு முறை ஒன்பதாம் நாள் போனது. அன்று கல்லூரிக்கு லீவு சொல்லிவிட்டுப் படுத்தே கிடந்தேன்.

பேராசிரியை கோபக்காரர் இல்லை. அவர் கோபப்படாமல் சொன்னதுதான் பயமாக இருந்தது. "ஒரு தடவை நீட்டிப்பு வாங்கிக் குடுத்துட்டேன்மா. இனிமே கேட்க முடியாது. மூணு மாசத்துல ரிசல்ட்டு எல்லாம் வந்துரணும்."

அந்தச் சமயத்தில் ஒரு கருத்தரங்குக்காகச் சென்னை போயிருந்தேன். கம்பெனிகள் கழித்துப்போட்ட சர்வர்களைப் பிரித்து விற்கும் கடை ஒன்றை உடன் வந்த ஆசிரியர் காட்டினார். இரண்டு பிராசசர் போடும் போர்டு, அதில் செருக எட்டு மெமரிப் பட்டைகள். கடைக்காரர் மேஜை மேலேயே வைத்து ஓட்டிக் காட்டினார். என் புரோகிராமைக் கொஞ்சம் போல ஓட்டிப் பார்த்தேன். மணிக்கணக்கில் எடுப்பதை நிமிடங்களில் செய்தது. ஒரு மாதத்துக்குள் ஏதாவது என்றால் கொண்டுவரச் சொன்னார். பெரிய இரும்புக் கேபினட் பஸ்ஸின் டிக்கியில் வந்தது. போர்டை மட்டும் என் பருத்திச் சேலையில் சுற்றி, தேனி வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

ஆக, சென்னையில் ஓடியது. வீட்டில் ஓடவில்லை. நடுவில் நடந்தது அந்தக் கீறல் ஒன்றுதான். அப்படித்தான் நான் முடிவு கட்டிக்கொண்டேன்.

ஆனாலும் விடவில்லை. கல்லூரி லேபில் போர்டின் கையேட்டை இறக்கி, பிரிண்ட் போட்டுக்கொண்டு வந்து பக்கம் பக்கமாகப் படித்தேன். சாதாரண பவர் சப்ளையில் நான்கு கம்பி வருகிற இடத்தில் இதற்கு எட்டுக் கம்பி வேண்டும் என்று போட்டிருந்தது. அப்பாடா, இதுதான் கோளாறு என்று மதுரைக்குப் போய் அதற்குரிய பவர் சப்ளை வாங்கிவந்து மாட்டினேன். அதே துடிப்பு. மெமரியை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். அதே துடிப்பு. ஒரு பிராசசரை எடுத்து ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன். பேட்டரியை எடுத்துவிட்டு மறுநாள் போட்டேன். எதற்கும் அது ஒரே பதிலைத்தான் சொன்னது.

ஒவ்வொன்றாகப் பொய்த்துப்போகும்போது மிச்சம் இருந்தது அந்தக் கோடுதான். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். உள்ளே ஓடும் மெல்லிய செப்புக்கோடு அறுந்திருக்கிறதா, மேல்பூச்சு மட்டும் போயிருக்கிறதா, தெரியவில்லை. நான் பார்ப்பதை அவர் கடைக்குக் கிளம்பும்போது கவனித்திருக்கிறார். மூன்று வாரம் அவர் அந்தக் கேபினட் பக்கமே வரவில்லை. சாப்பாட்டுக்கு வருவார், பேசுவார், மழையைப் பற்றி, வீரபாண்டியிலிருந்து வந்த மோட்டாரைப் பற்றி. கூடத்தைக் கடக்கும்போது மட்டும் சுவர் ஓரமாகப் போவார்.

அத்தை ஒரு நாள் என்னிடம், "எதையும் ஒடைக்காதவன்த்தா அவன்," என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு மாதம் முடிய நான்கைந்து நாள் இருந்தது. சனிக்கிழமை கல்லூரி விடுமுறை. போர்டைக் கழற்றிக் கட்டிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கீறல் விழுந்த பொருளை எந்த முகத்தோடு திருப்பிக் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டே ஸ்குரூக்களை எடுத்தேன். மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர் வாசலில் செருப்பை விட்டுவிட்டு நின்று பார்த்தார்.

"அனுப்பப் போறியா?"

"வேற என்ன செய்ய மச்சான்?"

"நானும் வாரேன். என் கைதான் வழுக்குச்சுன்னு நானே சொல்லிருறேன். ஒம் மேல எதுக்குப் பழி?"

கழற்றிய ஸ்குரூ என் உள்ளங்கையில் இருந்தது. அதை வைக்க இடம் தெரியாமல் வைத்துக்கொண்டே இருந்தேன்.

அவர் சோற்றுக்கு உட்காரவில்லை. பக்கத்தில் வந்து குந்தினார். மூன்று வாரத்துக்குப் பிறகு அன்றுதான் அந்தப் பக்கம் வருகிறார்.

"அந்தக் கடையில எப்படி ஓட்டிக் காட்டுனாக? இந்த மாதிரி பெட்டிக்குள்ள வச்சா?"

"இல்ல. மேஜை மேல, அட்டைப்பெட்டி மேல வச்சு."

"அப்ப இங்கனயும் ஒருக்கா வெளிய வச்சுப் பாத்துருவோம். மோட்டாரு டிரிப் ஆச்சுன்னா காயில மட்டும் குறை சொல்ல முடியாது. கம்பி எங்கிட்டாவது இரும்புல ஒரசி பாடி ஷார்ட் ஆகும். வெளிய எடுத்து வச்சா நல்லா ஓடும்."

எனக்கு அது தோன்றவே இல்லை. கையேட்டில் அறுபது பக்கம் படித்திருந்தேன்.

பலகாரப் பலகையைத் துடைத்து, மேலே அட்டை விரித்து, போர்டை அதில் வைத்தோம். பவர் சப்ளையை மாட்டினோம். கேபினட்டிலிருந்து வெளியே எடுத்துவிட்டதால் சுவிட்ச் இல்லை. போர்டில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு சின்னக் கம்பிகளை ஒரு நொடி இரும்பால் தொட்டுவிட்டால் போதும், அது சுவிட்ச் போட்ட மாதிரி. எது அந்த இரண்டு கம்பி என்று கையேட்டைப் பார்த்துக் காட்டினேன்.

"நீயே தொடு," என்றார்.

ஸ்குரூடிரைவரை எடுத்து, பிடி அவர் பக்கம் இருக்கும்படி நீட்டினேன். வாங்காமல் என் முகத்தைப் பார்த்தார்.

"நீங்க தொடுங்க மச்சான். ஒங்க கைதான் எனக்கு நம்பிக்கை."

வாங்கிக்கொண்டார். மூச்சை அடக்கிக்கொண்டு தொட்டார்.

ஃபேன்கள் துடித்தன. நிற்கவில்லை. சுற்றின. சத்தம் ஏறிக்கொண்டே போய், கூடமே ரைஸ் மில் ஆனது. அத்தை அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். அதோடு நிற்காமல் போர்டு நீளநீளமாகப் பீப் அடிக்க ஆரம்பித்தது. நான் பயந்துபோய் வயரைப் பிடுங்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"கத்துதுன்னா உசுரு இருக்குன்னு அர்த்தம்த்தா. எதுக்குக் கத்துதுன்னு பாரு."

பீப் சத்தத்துக்குக் கையேட்டில் ஒரு பட்டியல் இருந்தது. மெமரி குறை. இது ஜோடி ஜோடியாக மெமரி போடவேண்டிய போர்டு. கோளாறு தேடும்போது நான் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் கழற்றி வைத்திருந்தேன். அணைத்துவிட்டு ஜோடியைப் போட்டேன். மானிட்டரை மாட்டினேன். அவர் மறுபடி தொட்டார். கருப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது. இரண்டு பிராசசரையும் அது பெயர் சொல்லிக் காட்டியது. மெமரியை எண்ண ஆரம்பித்தது. எண்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கண் கலங்கி, கடைசியில் என்ன எண் வந்தது என்று தெரியவில்லை.

கீறல் வெறும் கீறல்தான். மேல்பூச்சு மட்டும் போயிருந்தது.

"அப்ப பெட்டிக்குள்ள எதுல ஒரசுச்சு?" என்று அவர் கேபினட் பக்கம் திரும்பினார். போர்டு இரும்பில் படாமல் கொஞ்சம் உயரத்தில் நிற்பதற்காக, கேபினட்டின் தட்டில் சின்னச் சின்னப் பித்தளைக் கால்களைத் திருகி வைப்போம். போர்டில் ஓட்டை இருக்கும் இடத்தில் மட்டும்தான் கால் இருக்க வேண்டும். அவர் போர்டின் ஓட்டைகளை எண்ணினார். பிறகு கால்களை எண்ணினார். ஒன்று கூடுதலாக இருந்தது. வயரைப் பிடுங்கிவிட்டு, போர்டைத் திருப்பிப் பார்த்தோம். பின்பக்கத்தில், அந்தக் காலுக்கு நேராக, ஈயப்பொட்டுகள் இரண்டில் மிளகு அளவுக்குக் கருப்பாகத் தடம் இருந்தது.

"இத யாரு வச்சது?"

நான்தான் வைத்தேன். அது பெரிய போர்டு. ஒரு மூலையில் தாங்கல் இல்லாமல் தொங்குகிற மாதிரி எனக்குத் தோன்றியது. ஒரு முட்டுக் கொடுத்தால் நல்லது என்று அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், அவர் குளித்துவிட்டு வருவதற்கு முன்பே, நானே ஒரு காலைக் கூடுதலாகத் திருகியிருந்தேன். அவர் ஸ்குரூடிரைவரைக் கையில் எடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே அந்தப் போர்டு ஓடாது என்று நான் முடிவு செய்துவிட்டேன், எனக்கே தெரியாமல்.

"நான்தான் மச்சான்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். சத்தமே வராமல், தோள் குலுங்க, சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார். மூன்று வாரமாக அந்த மனிதர் நெஞ்சில் எவ்வளவு பாரத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறார் என்பது அந்தச் சிரிப்பில்தான் எனக்குத் தெரிந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

கொடுஞ்சொல்லை அத்தையின் காது கேட்கத்தான் சொல்லியிருந்தேன். அதனால் இதையும் அவர் காது கேட்கவே சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

"அத்தே, மச்சான் எதையும் ஒடைக்கல. கோளாறு பண்ணுனது நான்தான். அன்னைக்கு நான் பேசுனது தப்பு."

அத்தை என்னையும் பார்த்தார், சுவரில் சாய்ந்து சிரிக்கிற மகனையும் பார்த்தார். "சரித்தா, மொதல்ல ரெண்டு பேரும் கையக் கழுவுங்க. சோறு ஆறிப்போச்சு," என்றார்.

அதன்பிறகு செய்ததெல்லாம் வேலைதான். பயமில்லாத வேலை. கூடுதல் காலைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு காலையும் ஓட்டைக்கு நேராக இருக்கிறதா என்று இரண்டு பேரும் மாறி மாறிச் சரிபார்த்துப் போர்டை இறக்கினோம். அவர் மீட்டர் வைத்து, போர்டுக்கும் இரும்புக்கும் நடுவே தொடக்கூடாத இடம் எதுவும் தொடவில்லை என்று பார்த்தார். கடையிலிருந்து இரண்டு பெரிய லாரி பேட்டரியும் இன்வெர்ட்டரும் கொண்டுவந்து வைத்தார். புதிதாக எர்த் கம்பி ஒன்றையும் புழக்கடையில் இறக்கினார். ஃபேன் சத்தத்தைக் குறைக்கக் கையேட்டில் வழி இருந்தது. குறைத்த பிறகும் பக்கத்து வீட்டுக்காரர்கள், என்ன மெஷின் போட்டிருக்கீக என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

புரோகிராமை மாற்றி எழுதினேன். மணிக்கு ஒரு தடவை அதுவரை போட்ட கணக்கை டிஸ்க்கில் எழுதிவைக்கும்படி செய்தேன். இதை முதலிலேயே செய்திருக்கலாம். ஒன்பது நாள் போனபோது கரண்டைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

முதல் ஓட்டத்தைத் திங்கட்கிழமை காலையில் தொடங்கிவிட்டுக் கல்லூரிக்குப் போனேன். அன்று மதியம் எனக்குப் பாடம் இல்லை, சீக்கிரமே வந்துவிட்டேன். வந்து முகம் கழுவிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. மேலே மின்விசிறி மெதுவாகி நின்றது. அடுப்படியில் மிக்ஸி பாதியில் நின்றது. தெருவில் யாரோ, "போயிருச்சா" என்று சத்தம் போட்டார்கள். நான் ஈர முகத்தோடு கூடத்துக்கு ஓடினேன். கேபினட் அதுபாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது. திரையில் வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன.

அவருக்குப் போன் போட்டேன்.

"கரண்டு போயிருச்சு மச்சான்."

"தெரியும். இங்கனயும் இல்ல. அது?"

"ஓடுது."

அந்தப் பக்கம் கடையில் யாரோ சுத்தியலால் தட்டும் சத்தம் கேட்டது. "ஓடட்டும்," என்றார்.

இரண்டே நாளில் முடிந்தது. விடை சரியா என்று பார்க்க, கையால் போட்டு வைத்திருந்த சின்னக் கணக்கு ஒன்றையும் அதே புரோகிராமில் ஓட்டி ஒத்துப் பார்த்தேன். கடைசி இலக்கம் வரைக்கும் ஒத்துவந்தது. மதுரைக்குப் பேசினேன். பேராசிரியை, "மிச்சம் பதினொண்ணு இருக்கேம்மா," என்றார். "ஒரு மாசத்துக்குள்ள வந்துரும் மேடம்," என்று சொன்னேன்.

அன்று சாயங்காலம் நன்றாகப் பசித்தது. பல நாளைக்குப் பிறகு பசி என்று ஒன்று தெரிந்தது. அத்தை தோசை ஊற்றிக்கொண்டே இருந்தார், நான் சாப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.