யோர்தானில் கேட்டது, குற்றாலத்தில் சொன்னது

ஓய்வுபெற்ற போதகருக்கு மைக் என்பது சர்க்கரை வியாதிக்காரருக்கு அல்வா மாதிரி. வாய் வேண்டாம் என்று சொல்லும், கை நீளும். தென்காசியில் கடை திறப்பு, பள்ளி ஆண்டு விழா, சமாதானக் கூட்டம் எதுவானாலும் மேடையில் ஒரு குருக்கள், ஒரு ஹஜ்ரத், ஒரு ஐயர் என்று மூன்று நாற்காலி போடுவார்கள். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் போதகரைத்தான் ஐயர் என்போம். அந்த மூன்றாவது நாற்காலி எனக்குப் பழகிப்போனது. கூப்பிடாத வாரத்தில் சாப்பாடு இறங்காது. இதைச் சொல்லவே கூசுகிறது.

போன வருஷம் எருசலேம் போய்வந்தேன். போய்வந்தவர்கள் பெயருக்குப் பின்னால் 'ஜே.பி.' என்று போட்டுக்கொள்வது எங்கள் சபைகளில் வழக்கம், எருசலேம் பயணி என்று அர்த்தம். என் வீட்டு வாசல் பலகையில் பெயிண்டர் வந்து அதை எழுதும்போது நான் கீழே நின்று எழுத்து பெரிதாக வரட்டும் என்று சொன்னேன்.

புறப்படுவதற்கு முன்னால் சபையார் ஒவ்வொருவராக வந்து ஜெபக் குறிப்பு சொல்லிவிட்டுப் போனார்கள். அதில் ஒரு அம்மா, கணவரை இழந்தவர், தென்காசியில் ஜவுளிக்கடை நடத்துகிறவர். என் மனைவி காபி போட உள்ளே போகும்வரை காத்திருந்து குரலைத் தாழ்த்தினார்.

"மகளுக்குப் பள்ளிக்கூடத்துல படிக்கும்போதே வலிப்பு வந்துச்சுய்யா. மாத்திரை சாப்பிடுதா, இப்பம் வாறதில்ல. வெளிய யாருக்கும் தெரியாது. அங்கன போயி அவ பேரச் சொல்லி ஜெபம் பண்ணுங்க. வேற யார்ட்டயும் சொல்லிராதீங்க."

யோர்தான் ஆற்றில் இறங்கி அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லி ஜெபித்தேன், பொய்யில்லை. ஆனால் கூட வந்தவர் ஒருவர் கரையிலிருந்து போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஜெபத்தில் என்ன கேட்டேன் என்பதைவிட, அந்தப் படத்தில் என் முகம் எப்படி வந்திருந்தது என்பதே இன்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

சில மாதம் கழித்து அந்தப் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் மண்டி வைத்திருப்பவர்கள், வசதியானவர்கள், சபையில் பெயர் பெற்றவர்கள். குற்றாலத்தில் மண்டபம் பிடித்திருந்தார்கள். சீசன் நேரம், வேன்களுக்கு நடுவில் கார் ஊர்ந்து போய்ச் சேர்வதற்குள் மேடையில் எல்லாரும் எனக்காகக் காத்திருந்தார்கள். "எருசலேம் போய்வந்த நம்ம ஐயா ஆரம்ப ஜெபம் செய்வாங்க" என்று அறிவித்ததும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

நாங்கள் எழுதி வைத்து ஜெபிக்கிறவர்கள் இல்லை. கண்ணை மூடினால் வார்த்தை தானாக வரும். சபை 'ஸ்தோத்திரம்' என்று சொல்லச் சொல்ல இன்னும் வரும். அன்றைக்கு மேலே மேலே போனேன். "ஆண்டவரே, யோர்தான் நதியில் நின்று இந்த மகளுக்காகக் கண்ணீர் விட்டேனே! வலிப்பு நோயிலிருந்து இவளை அற்புதமாய்ச் சுகமாக்கினீரே!" என்றேன்.

ஸ்தோத்திரம் வரவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. கண்ணைத் திறக்கப் பயந்து இன்னும் கொஞ்சம் ஜெபித்தேன்.

மோதிரம் மாற்றினார்கள். பந்தியில் மாப்பிள்ளையின் அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஐயா, சொகமாயிட்டுன்னு சொன்னீங்க. அப்பம் மாத்திரை எதும் சாப்பிடலல்லா?"

சாப்பிடுகிறாள் என்பது எனக்குத் தெரியும். மருந்தால் அடங்கும் நோய்தான், குடும்பம் குழந்தை என்று எத்தனையோ பேர் நன்றாக வாழ்கிறார்கள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் மேடையில் நான் கூவிய அற்புதம் என்னாவது? "ஆண்டவர் பாத்துக்கிடுவாரு" என்றேன். அவர் பாதிச் சோற்றில் இலையை மூடிவிட்டு எழுந்தார்.

திரும்பும்போது காரில் என் மனைவி கேட்டாள். "அந்தப் புள்ளைக்கு என்ன சீக்குன்னு ஆண்டவருக்குத் தெரியாதா? நீங்க யாருக்குச் சொன்னீய?"

"ஆவியானவர் பேச வச்சாரு" என்று எரிந்து விழுந்தேன். என் வாய்க்கொழுப்பைத் தூக்கிப் பரிசுத்த ஆவியின் தலையில் போட்டேன். இத்தனை வருஷம் அங்கி போட்டவன்!

பையனுக்கு வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது, கல்யாணம் இப்போதைக்கு வேண்டாம் என்று அவர்கள் வீட்டிலிருந்து போன் வந்ததாம். மரியாதையாகத்தான் பேசினார்களாம். அதன்பின் பேசவே இல்லை. எனக்கு மட்டும் கூட்டங்களுக்கு அழைப்பு குறையவில்லை, அதுதான் அசிங்கம். ஒன்றிரண்டு தடவை போய் மதநல்லிணக்கம் பேசிவிட்டும் வந்தேன்.

போன வாரம்தான் அந்த வீட்டுக்குப் போகத் துணிவு வந்தது. அம்மா கடையில் இருந்தார். மகள்தான் கதவைத் திறந்து நாற்காலி எடுத்துப் போட்டாள். மன்னித்துவிடம்மா என்றேன். அவள் அழவில்லை.

"அவர்ட்ட நான் மொதல்லயே சொல்லிட்டேன்யா. ஒரு மாசம் பொறு, எங்க வீட்ல நானே பக்குவமா சொல்லுதேன்னாரு. நீங்க மைக்ல சொன்னதும், ஊரு முன்னால ஏமாத்திட்டாங்கன்னு அவங்கப்பாவுக்கு ஆயிப்போச்சு. அப்புறம் அவரு சொல்லு எடுபடல."

நாற்காலியை விட்டு எழுந்தேன். எந்த வீட்டிலிருந்தும் ஜெபிக்காமல் ஐயர் கிளம்புவதில்லை, கிளம்பினால் அது கோபம் என்று அர்த்தமாகிவிடும். அதனால் கேட்டேன்.

"ஜெபம் பண்ணிட்டுப் போகட்டுமாம்மா?"

அவள் துப்பட்டாவை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டாள்.

"பண்ணுங்கய்யா. மனசுக்குள்ளயே பண்ணுங்க."