வாயில் வந்த வசனம்

என் சித்தப்பா மகன் ஐத்தப்பன், தாளமத்தளைக் கூத்தில் எப்போதும் கெட்ட ராஜாதான். வேஷமில்லை, எழுதிய வசனமில்லை. உட்கார்ந்தபடி வாயில் வருவதைப் பேச வேண்டும். எங்கள் துளுநாட்டில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் சொந்தம். ஆனால் அவன் தங்கை துக்கு தானாகவே வெளியேறிவிட்டாள் என்று ஊரை நம்பவைத்து, அவன்தான் அங்கே இருந்தான்.

அன்று ஆடி மழை. கோயில் மண்டபத்தில் துக்குவும் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். ராஜா தங்கையை விரட்டும் கட்டம் வந்தது.

"அழுவுற பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஓடுடீ! மாட்டுக்கு இருக்கிற எடம் உனக்கில்ல!" என்று ஐத்தப்பன் முழங்கினான். ஜனம் கைதட்டியது.

துக்கு எழுந்தாள். "அண்ணே, என்னை வெரட்டுன அன்னிக்குச் சொன்னதுல ஒரு எழுத்துகூட மாத்தலியே!"

மத்தளம் நின்றது. எதிர்வாதம் பேசும் பாபண்ணன் சிரிக்கவில்லை. "பதில் சொல்லுங்க ராஜா. பேசத் தெரிஞ்ச வாய்தானே?"

ஐத்தப்பன் கை இடுப்பிலிருந்த வீட்டுச் சாவியைப் பொத்தியது. அதை ஊரே பார்த்தது. மழை விடுமுன் துக்குவை நாங்களே வீட்டில் கொண்டுபோய் விட்டோம்.