நின்றுகொண்டே வந்த நல்லவர்

அறுபதுகளின் கடைசியில், தாம்பரத்திலிருந்து பாரிமுனை ஆபீசுக்கு மின்சார ரயிலில் போய்வந்துகொண்டிருந்தேன். எங்கள் பெட்டியில் என்னைப்போல் நல்லவர் கிடையாது என்று அப்போது எனக்கு ஒரு பேர் இருந்தது. நான் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை என்பதுதான் காரணம்.

தாம்பரத்தில் ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடிப்பது வழக்கம். நானும் போடுவேன். போடாவிட்டால் சீட்டாடும் சகாக்கள் ஏன் என்று கேட்பார்களே. வாசலில் நின்று காற்று வாங்குவதுபோல் பாவனை செய்துவிட்டு, குரோம்பேட்டையில் ஏறுகிற யாருக்காவது அந்த இடத்தைக் கொடுத்துவிடுவேன். பெரும்பாலும் ஒரு டீச்சரம்மாவுக்கு. சைதாப்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தார். வெள்ளைச் சேலை, கழுத்தில் சின்னச் சிலுவை. மகளிர் பெட்டி நிரம்பி வழிந்தால் எங்கள் பெட்டிக்கு வந்துவிடுவார்.

உண்மையில் எனக்கு இருந்தது தியாக உள்ளம் அல்ல, மூலம். மாதக்கணக்காக ரத்தம் போய்க்கொண்டிருந்தது. உலக அரசியல் முழுவதையும் சத்தமாகப் பேசுகிற நான் இதை மட்டும் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. காலனி டாக்டர் சாயங்காலம் என்னோடு கேரம் ஆடுகிறவர். அவரிடம் அதைக் காட்டிவிட்டு, மறுநாள் முகத்தை எப்படிக் காட்டுவது?

ஆகவே நானே வைத்தியனானேன். உடம்பு உஷ்ணம் என்று சொல்லிக்கொண்டு மோராகக் குடித்தேன். ஜென்மத்தில் தொடாத கருணைக்கிழங்கைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். மூலத்துக்கென்றே செய்த செம்பு மோதிரம் ஒன்றைத் தபாலில் வரவழைத்துப் போட்டுக்கொண்டேன். வீட்டில் கேட்டதற்கு, சனி தோஷம் என்றேன். பாவம், சனி பகவான் மறுக்கவில்லை. ரத்தமும் நிற்கவில்லை.

அப்போதுதான் ஸ்டேஷன் சுவரில் ஒரு நோட்டீஸ் கண்ணில் பட்டது. ஆபரேஷன் இல்லை, ஒரே ஊசி, சனிக்கிழமைகளில் தாம்பரத்தில் ஒரு லாட்ஜில் வைத்தியர் தங்குவார் என்று போட்டிருந்தது. அவருக்கு என்னைத் தெரியாது. எனக்கு அந்தத் தகுதியே போதுமானதாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ் முடிந்து ரயிலேறினேன். பெட்டி ஏறக்குறைய காலி. சைதாப்பேட்டையில் டீச்சரம்மா ஏறி உட்கார்ந்தார். எதிர் பெஞ்சு முழுக்கக் காலியாக இருந்தும் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இன்னிக்கு யாருக்காக சார் நிக்கிறீங்க?" என்றார்.

பழகிவிட்டது என்று மழுப்பினேன். அவர் கம்பியைப் பிடித்திருந்த என் விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பல்லாவரம் தாண்டியதும் மெதுவாகச் சொன்னார்:

"இதே மோதிரம் என் வீட்டுக்காரர் கையிலயும் இருந்தது. அவரும் நின்னுக்கிட்டேதான் ஆபீசுக்குப் போனார். ரத்தம் போனா உஷ்ணம்னு சொல்லிடுவார். கடைசியில டாக்டர்கிட்ட காட்டினப்போ, இது மூலமே இல்ல, குடல்ல கட்டின்னாங்க. அதுக்குள்ள முத்திப் போச்சு."

மோதிரக் கையை இறக்கிவிட்டு, மறு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்களுக்கு வெறும் மூலமாவே இருக்கட்டும் சார். ஆனா அதை ஒரு டாக்டர் சொல்லட்டும். நீங்க சொல்லாதீங்க."

குரோம்பேட்டையில் இறங்கிப் போய்விட்டார். தாம்பரத்தில் என் கால் பழைய உத்தேசப்படி லாட்ஜ் வாசல் வரை போயிற்று. மாடிப்படியைப் பார்த்தேன். வெள்ளைச் சேலைதான் நினைவுக்கு வந்தது. திரும்பி வீட்டுக்கு நடந்தேன். அன்று மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "கருணைக்கிழங்கைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டப்பவே நினைச்சேன், ஏதோ பெரிய வியாதின்னு" என்றாள்.

திங்கட்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே பெஞ்சுகள் காலியாக இருக்க, எனக்கு முன்னால் வந்தவர்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். நல்லவர்கள்!

டாக்டர் விரலாலும் சின்னக் குழாயாலும் சோதித்தார். ஒரு ஸ்டேஷனிலிருந்து அடுத்த ஸ்டேஷன் போகிற நேரம்கூட ஆகவில்லை. இதற்குப் பயந்தா இத்தனை மாதம் நின்றேன்? வேறு சோதனைகளும் செய்துவிட்டு, மூலம்தான், கட்டி ஒன்றும் இல்லை என்றார். கீரை, பழம், நிறையத் தண்ணீர், முக்கக் கூடாது, தினம் வெந்நீர்த் தொட்டியில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் ஆஸ்பத்திரியிலேயே ஊசி, ஆபரேஷன் கடைசியில்தான் என்றார். மோதிரத்தைப் பார்த்தார், சிரிக்காமல் இருந்தார். அதற்காக இன்றும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

வெந்நீரிலும் கீரையிலும் எனக்குக் குணமாயிற்று. முதல்முறை ரயிலில் உட்கார்ந்தபோது ஒரு சகா, "என்ன சார், பதவி போயிடுச்சா?" என்றார். குரோம்பேட்டையில் டீச்சரம்மா ஏறினார். பழக்க தோஷத்தில் எழுந்தேன்.

"நீங்க உட்காருங்க சார். அதைப் பார்க்கணும்னுதான் இந்தப் பெட்டியில ஏறினேன்" என்றார். சைதாப்பேட்டை வரை நின்றுகொண்டே வந்தார்.

இப்போதும் இடம் காலியாக இருக்கையில் யாராவது நின்றுகொண்டு வந்தால், அவரை நல்லவர் என்று நினைப்பதற்கு முன் விரலைப் பார்த்துக்கொள்கிறேன். மோதிரம் இருந்தால், அந்த அம்மா கேட்டதைப் போலக் கேட்கிற தைரியம் எனக்கும் வர வேண்டுமே என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது.